வளைப்புக்கு என்ன விலை? ஒரு தகட்டுப் பெட்டியின் கணக்கு

பம்ப் செட் ஸ்டார்ட்டர் பெட்டி கோயம்புத்தூரில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். ரெடிமேடாக வாங்கினால் ஒரு விலை. அதே அளவில், நான்கு ஓட்டை மட்டும் இடம் மாறி, "இப்படி ஒண்ணு செஞ்சு கொடுங்க" என்று பட்டறையில் கேட்டால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சொல்வார்கள். பத்து வேண்டும் என்றால் விலை மளமளவென்று இறங்கும். கேட்பவருக்கு முதலில் தோன்றுவது, "ஆளப் பாத்து வெல சொல்றாங்க" என்பதுதான்.

சின்னச் சின்ன அளவீட்டுக் கருவிகள் செய்வது என் வேலை. அவற்றுக்கு உறை வேண்டும். அதற்காகக் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியதில் சேர்ந்த குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். சுருக்கமாகச் சொன்னால்: தகடு வளைக்கும் வேலையில், வளைக்கும் நேரத்துக்கான கூலி மொத்த விலையில் சின்னப் பங்கு. பெரிய பங்கு வரைபடம் போடும்போதும், ஷீட் அளவைத் தேர்ந்தெடுக்கும்போதும், மெஷினில் டூல் மாட்டும்போதும் முடிவாகிவிடுகிறது. இது தெரியாமல் பேரம் பேசினால் வாங்குபவருக்குப் பெரிய லாபம் இல்லை. பட்டறைக்காரரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறார்.

ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்கொண்ட பெட்டி

சுவரில் மாட்டும் பெட்டி. அகலம் 300 மி.மீ., உயரம் 400, ஆழம் 150. எல்லாம் வெளி அளவு. முன்பக்கம் நாலு ஓரத்திலும் உள்நோக்கி 15 மி.மீ. மடிப்பு, அதாவது லிப். கதவு தனிக் கணக்கு, இப்போதைக்கு விட்டுவிடலாம். தகடு 1.6 மி.மீ. சிஆர் ஷீட். வளைவுகள் மொத்தம் எட்டு: நாலு லிப், நாலு பக்கச்சுவர்.

தடிமனை மில்லிமீட்டரில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பட்டறையில் இதை "பதினாறு கேஜ்" என்பார்கள். கேஜ் என்பது ஒரே அளவுகோல் இல்லை. பிரிட்டிஷ் எஸ்டபிள்யூஜி முறையில் 16 கேஜ் என்றால் 1.63 மி.மீ. அமெரிக்க முறையில் சாதாரண இரும்புத் தகட்டுக்கு 16 கேஜ் 1.52 மி.மீ. இரண்டுக்கும் 0.1 மி.மீ. வித்தியாசம். எடையில் ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, வளைந்து வரும் அளவிலும் மாற்றம். வாயால் பேசும்போது கேஜ் சொல்லலாம், காகிதத்தில் மி.மீ. மட்டும்தான்.

விரித்தால் எவ்வளவு?

பெட்டியைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் என்ன அளவு வரும் என்பதுதான் எல்லாக் கணக்குக்கும் அடி. 300 + 150 + 150 + 15 + 15 = 630 என்று கூட்டினால் தப்பு. வெளி அளவுகளைக் கூட்டும்போது ஒவ்வொரு மூலையையும் இரண்டு முறை எண்ணிவிடுகிறோம். தகடு நிஜத்தில் அந்த மூலையில் கூர்மையாகத் திரும்புவதில்லை, சின்ன வட்டமாக வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும்.

எவ்வளவு கழிப்பது? அது டையைப் பொறுத்தது. பெண்டிங் மெஷினில் கீழே வி வடிவப் பள்ளம் உள்ள டை, மேலே பஞ்ச். தகட்டை டையின் இரண்டு தோள்களிலும் உட்காரவைத்து, பஞ்ச் நடுவில் அழுத்துகிறது. தகடு பள்ளத்தின் அடியைத் தொடாமல் அந்தரத்தில் வளைவதால் இதற்கு ஏர் பெண்டிங் என்று பெயர். பள்ளத்தின் அகலம் தகட்டின் தடிமனைப் போல எட்டு மடங்கு இருக்கவேண்டும் என்பது நடைமுறை விதி. 1.6-க்கு 12.8 வருகிறது, கையில் இருப்பது 12 மி.மீ. டை. சாதா இரும்பில் உள்வளைவின் ஆரம் பள்ளத்தின் அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக அமையும். ஆக 2 மி.மீ.

வளையும்போது உள்பக்கம் சுருங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. நடுவில் எங்கோ நீளவும் சுருங்கவும் செய்யாத ஒரு கோடு இருக்கிறது. அது உள்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பதுதான் கே-ஃபேக்டர். இந்த மாதிரி வளைவுக்கு 0.4 என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு இப்படி:

வளைவில் தங்கும் நீளம் = 1.571 × (2 + 0.4 × 1.6) = 4.15 மி.மீ.
கழிக்க வேண்டியது = 2 × (2 + 1.6) − 4.15 = 3.05 மி.மீ.

அகலவாக்கில் நாலு வளைவு. 630 − 12.2 = 617.8. உயரவாக்கில் 730 − 12.2 = 717.8. வெட்ட வேண்டிய துண்டு 617.8 × 717.8 மி.மீ.

இங்கே ஒரு விஷயம். டை மாறினால் ஆரம் மாறும், ஆரம் மாறினால் கழிவும் மாறும். 2 மி.மீ. தகட்டை 12 டையில் வளைத்தால் வளைவுக்கு 3.6 கழிக்கணும்; 16 டையில் வளைத்தால் ஏறக்குறைய 3.86. ஒரு வளைவுக்குக் கால் மில்லிமீட்டர்தான். நாலு வளைவில் ஒரு மி.மீ. ஆகிவிடும், கதவு உட்காராது. அதனால்தான் நல்ல பட்டறைக்காரர், நாம் விரித்துக் கொடுத்த படத்தை வாங்கிக்கொள்ளத் தயங்குவார். "முப்பரிமாணப் படத்தக் குடுங்க, விரிக்கறத நாங்க பாத்துக்கறோம்" என்பார். அவருடைய டை அவருக்குத்தான் தெரியும்.

எந்த ஷீட்டில் வெட்டுவது?

சந்தையில் ஷீட் இரண்டு அளவில் சாதாரணமாகக் கிடைக்கும். ஒன்று 1250 × 2500 மி.மீ. இன்னொன்று "நாலுக்கு எட்டு", அதாவது 1220 × 2440. நம் துண்டை இரண்டிலும் வைத்துப் பார்ப்போம்.

1250 அகலத்தில் 617.8 இரண்டு உட்காரும்: 1235.6. நடுவில் 5 மி.மீ. இடைவெளி விட்டாலும் இரு ஓரத்திலும் நாலரை மி.மீ. மிஞ்சும். இறுக்கம்தான், ஆனால் லேசர் கட்டிங்கில் முடியும். 2500 நீளத்தில் 717.8 மூன்று. ஆக ஒரு ஷீட்டில் ஆறு பெட்டி.

நாலுக்கு எட்டில் 1220 அகலம்தான். இரண்டு துண்டு வைக்க 1235.6 வேண்டும். பதினைந்தரை மி.மீ. பற்றாது. திருப்பி வைத்தாலும் உதவாது. ஒரே வரிசை, அதில் மூன்று. ஆறு வரவேண்டிய இடத்தில் மூன்று!

எடையில் பாருங்கள். இரும்புத் தகடு ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 1.6-க்கு 12.56 கிலோ. பெரிய ஷீட் 39.25 கிலோ, ஆறால் வகுத்தால் பெட்டிக்கு 6.5 கிலோ. நாலுக்கு எட்டு 37.4 கிலோ, மூன்றால் வகுத்தால் 12.5 கிலோ. செய்து முடித்த பெட்டியின் எடையோ 4.3 கிலோதான். மிச்சமாகும் நீளப் பட்டையை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், உண்மைதான். அந்த வேறு வேலை வருகிறவரைக்கும் அது பட்டறைக்காரரின் பணம், சுவரோரம் சாய்ந்து நிற்கிறது.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டும் அண்ணன், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டது இதுதான்:

"ஏனுங் சார், இந்த ஆழம் நூத்தம்பது கட்டாயமா இருக்கோணுமா?"

"உள்ள இருக்கற சாமானுக்கு நூத்தி முப்பது போதுங்ணா."

"அப்ப நூத்தி நாப்பது வெச்சுக்கலாமுங். நாலுக்கு எட்டுலயே ஆறு உக்காந்துரும்."

அவர் எந்தக் கால்குலேட்டரையும் தொடவில்லை. நான் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஆழம் 10 குறைந்தால் விரித்த அகலம் 20 குறையும்: 597.8. இரண்டு சேர்ந்தால் 1195.6. 1220-க்குள் தாராளமாக அடங்குகிறது. பெட்டிக்கு 12.5 கிலோ இருந்தது 6.2 கிலோ ஆகிறது. கிலோ 75 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பெட்டியில் 470 ரூபாய் வித்தியாசம். வரைபடத்தில் ஓர் எண்ணை மாற்றியதற்கு!

மெஷினில் ஏறுமா?

திரையில் எந்தப் பெட்டியும் வளையும். மெஷினில் வளைவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றின் காரணம் புரிந்தால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முதலாவது, குறைந்தபட்ச மடிப்பு. தகடு டையின் இரண்டு தோளிலும் உட்கார வேண்டும். ஒரு பக்கம் குட்டையாக இருந்தால் தோளிலிருந்து நழுவிப் பள்ளத்துக்குள் விழுந்துவிடும். பள்ளத்தின் அகலத்தில் பத்தில் ஏழு பங்காவது மடிப்பு வேண்டும். 12 டைக்கு 8.4 மி.மீ. நம்முடைய லிப் 15, பிரச்சினை இல்லை. யாராவது 6 மி.மீ. லிப் வரைந்தால் சின்ன டைக்குப் போகணும். அப்போது அழுத்தமும் கூடும், ஆரமும் மாறும், விரித்த அளவும் மாறும்.

இரண்டாவது, வளைவுக்குப் பக்கத்தில் ஓட்டை. பள்ளத்துக்கு மேல் இருக்கும் தகடு முழுவதும் இழுபடுகிறது. வட்டமான ஓட்டை அங்கே இருந்தால் முட்டை வடிவமாகிவிடும். வளைவுக் கோட்டிலிருந்து பள்ளத்தின் பாதி அகலத்துக்கு வெளியே ஓட்டை இருந்தால் பாதுகாப்பு.

மூன்றாவது, மோதல். அடித்தகட்டின் இரண்டு பக்கமும் சுவர் எழுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சுவரை வளைக்கும்போது அடித்தகடு 45 டிகிரி மேலே ஏறுகிறது. ஏற்கெனவே வளைத்த சுவர் பஞ்சை நோக்கிச் சாய்ந்து வருகிறது. சுவரின் உயரம் அடியின் அகலத்தைவிடக் கம்மியாக இருந்தால் தாண்டிப் போகும். சமமாகவோ அதிகமாகவோ ஆனால் நேர்ப் பஞ்சில் இடிக்கும். கழுத்து வளைந்த கூஸ்நெக் பஞ்ச் இருந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். நம் பெட்டியில் அடி 300, சுவர் 150. தப்பித்தோம்.

நாலாவது, பெட்டி மூடிக்கொள்வது. இரண்டு சுவர் எழுந்தபின் மற்ற இரண்டை வளைக்கும்போது, பஞ்ச் அந்த இரண்டு சுவருக்கு நடுவில் அடங்க வேண்டும். பஞ்சைத் துண்டு துண்டாகச் சேர்த்து நீளம் கட்டுவார்கள். நம் பெட்டியில் லிப் வேறு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வாய் 270 மி.மீ., வளைக்க வேண்டியது கிட்டத்தட்ட 300. ஓரத்தில் காது போல நீட்டிய பஞ்ச் துண்டுகள் வேண்டும். அது எல்லாப் பட்டறையிலும் இருக்காது. பஞ்சின் உயரமும் போதுமானதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் போய் மேல் பீமில் இடிக்கும். "இருக்குதுங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ஐந்தாவது, டன் கணக்கு. சாதா இரும்புக்கு ஒரு மீட்டர் வளைவுக்குத் தேவையான விசை, 650 × தடிமன் × தடிமன் ÷ பள்ள அகலம், விடை கிலோநியூட்டனில். நம் தகட்டுக்கு 139 கிலோநியூட்டன், அதாவது மீட்டருக்கு 14 டன். 400 மி.மீ. வளைக்க ஆறு டன்கூட வேண்டாம். சின்ன மெஷினே போதும், பெரிய மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனால் அதன் மணி வாடகையைத் தண்டமாகக் கொடுப்போம். இதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் ஒன்றரை மடங்கு விசை. வளைத்துவிட்டு அழுத்தத்தை எடுத்ததும் அது இரும்பைவிட அதிகமாகத் திரும்பி விரியும், அதனால் ட்ரையல் பார்க்கும் நேரமும் கூடும். அலுமினியத்தில் 5052 ரகம் நன்றாக வளையும். 6061-டி6 சின்ன ஆரத்தில் வெடித்துவிடும். பொருளை மாற்றினால் கிலோ விலையோடு கூலியும் மாறுவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

மெஷின் மணிக்கு எவ்வளவு?

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். இனி வரும் ரூபாய்க் கணக்கு எல்லாம் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்ட உருண்டை எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெண்டிங் மெஷின் 24 லட்சம், எட்டு வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்குத் தேய்மானம் 3 லட்சம். கடன் வட்டி ஒன்றரை லட்சம். ஆபரேட்டர், ஹெல்ப்பர் இருவருக்கும் 5 லட்சம். வாடகை, கரண்ட், பராமரிப்பு இரண்டரை லட்சம். மொத்தம் 12 லட்சம்.

வருஷத்துக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி. 2,400 மணி நேரம். 12 லட்சத்தை அதால் வகுத்தால் மணிக்கு 500 ரூபாய். பலரும் இங்கேதான் நிற்கிறார்கள்.

2,400 மணி நேரமும் யாரோ ஒருவருக்குப் பில் போடும்படி மெஷின் ஓடுவதில்லை. ஷீட் வரவில்லை, கரண்ட் இல்லை, படம் தெளிவாகவில்லை, ஆள் லீவு, ஆர்டரே இல்லை. 1,500 மணி நேரம்தான் காசாகிறது என்றால் மணிக்கு 800 ரூபாய் வரவேண்டும்.

500 என்று நினைத்து விலை சொன்னவருக்கு என்ன ஆகும்? 1,500 மணிக்கு ஏழரை லட்சம் வரும். சம்பளம் 5, வாடகை வகையறா இரண்டரை. சரியாகப் போய்விட்டது! மாதா மாதம் எல்லாம் கட்டுப்படியாகிறது போலத்தான் தெரியும். காணாமல்போன நாலரை லட்சம் எது? தேய்மானம் மூன்று, வட்டி ஒன்றரை. மெஷினுக்கான பணம் முழுசும்.

எனக்குப் பழக்கமான ஒரு பட்டறையில் நடந்தது இதுதான். "மெஷின் நிக்காம ஓடுதுங்க, காசுதான் நிக்க மாட்டேங்குது" என்பார் அதன் சொந்தக்காரர். சோம்பேறி இல்லை, வேலை சுத்தம், ஆர்டருக்கும் குறைவில்லை. ஐந்தாம் வருஷம் மெஷினைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, இப்போது இன்னொரு இடத்தில் சூப்பர்வைசராக இருக்கிறார். அவரிடம் மலிவாகச் செய்து வாங்கிய நாங்கள் எல்லாரும் வேறு பட்டறை தேடினோம். மலிவு விலையும் அவரோடு போய்விட்டது.

ஒன்று, பத்து, நூறு

மணிக்கு 800 என்று வைத்து நம் பெட்டிக்கு வருவோம். 1250 × 2500 ஷீட்டில் வெட்டுகிறோம்.

எத்தனை பெட்டி என்றாலும் ஒரே தடவை ஆகும் செலவு:

- படம் விரித்து, ஷீட்டில் அடுக்கி, புரோகிராம் எழுத ஒரு மணி நேரம்: ரூ. 400
- டூல் மாற்றி, கோணம் சரிபார்க்க முக்கால் மணி நேரம்: ரூ. 600
- ட்ரையலில் போகும் ஒரு துண்டு, பொருளும் வெட்டுக்கூலியும்: ரூ. 500

ஆக 1,500 ரூபாய்.

ஒவ்வொரு பெட்டிக்கும்:

- ஷீட் 6.54 கிலோ, கிலோ 75 வீதம்: ரூ. 490
- லேசர் வெட்டு மூன்றரை மீட்டர், மீட்டருக்கு 20 வீதம்: ரூ. 70
- எட்டு வளைவு, எடுத்துவைக்கும் நேரமும் சேர்த்து ஐந்து நிமிஷம்: ரூ. 67
- மூலை வெல்டிங், கிரைண்டிங்: ரூ. 53
- பவுடர் கோட்டிங்: ரூ. 100

ஆக 780 ரூபாய்.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஒரு பெட்டி மட்டும் செய்தால் 1,500 + 780 = 2,280. பத்து செய்தால் ஒன்றுக்கு 930. நூறு செய்தால் 795. இது அடக்கவிலை மட்டும். லாபமும் ஜிஎஸ்டியும் இதற்கு மேலே. ஆளைப் பார்த்து யாரும் விலை சொல்லவில்லை. 1,500-ஐ எத்தனை பேர் தோளில் ஏற்றுவது என்பதுதான் விஷயம்.

பத்திலிருந்து நூறுக்குப் போனால் 135 ரூபாய்தான் குறைகிறது. ஒன்றிலிருந்து பத்துக்குப் போனால் 1,350 குறைகிறது. "மொத்தமா எடுத்தா கம்மி பண்ணுவீங்களா" என்ற கேள்விக்கு ஓர் எல்லை உண்டு. நூறுக்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் 780-க்குக் கீழே போக வழியில்லை, வடிவத்தை மாற்றினால் ஒழிய.

வளைப்புக்கூலி 67 ரூபாய் என்பதையும் பாருங்கள். வளைவு ஒன்றுக்கு எட்டு ரூபாய் சொச்சம். நாம் வழக்கமாகச் சண்டை போடுவது இதில்தான். "வளைவுக்கு எட்டா? ஆறு போடுங்க" என்று வாதாடி ஜெயித்தால் பெட்டிக்கு 16 ரூபாய் மிச்சம். ஆழத்தைப் பத்து மி.மீ. குறைத்த அந்த அண்ணன் சொன்ன யோசனையில் 470.

லாபம் வைப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. "இருபது பர்சன்ட் லாபம்" என்று 930-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 1,116. அதில் லாபம் விற்பனை விலையில் 17 சதவீதத்துக்கும் கீழே. விற்பனை விலையில் இருபது வேண்டும் என்றால் 930-ஐ 0.8-ஆல் வகுக்கணும்: 1,162. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஒரு பெட்டி கீறல் விழுந்து திரும்பி வந்தால், அந்த 46 ரூபாய்கள் சேர்ந்துதான் அதைத் தாங்கும்.

கிலோ ரேட் ஏன் ஆபத்து?

பல இடங்களில் இன்னும் "கிலோவுக்கு இவ்வளவு" என்றுதான் பேசுகிறார்கள். முடிந்த பொருளை எடை போட்டு, கிலோ 220 என்றால் நம் 4.3 கிலோ பெட்டி 946 ரூபாய். பத்துப் பெட்டிக்கு அடக்கம் 930 என்பதால் சரியாகத்தான் தெரிகிறது.

இதே ரேட்டில் 60 கிராம் எடையுள்ள, நாலு வளைவு கொண்ட ஒரு பிராக்கெட் செய்யச் சொல்லுங்கள். கிலோ கணக்கில் 13 ரூபாய். நிஜத்தில் தகடு 6, வெட்டு 8, நாலு வளைவுக்கு நாற்பது விநாடி என்றால் 9. இருபத்து மூன்று ரூபாய், டூல் மாட்டும் செலவைச் சேர்க்காமலே. ஒவ்வொரு பிராக்கெட்டிலும் பத்து ரூபாய் கைநஷ்டம். மறுபக்கம், பத்துக் கிலோ தகட்டில் இரண்டே வளைவு என்றால் கிலோ ரேட்டில் கொள்ளை லாபம்.

"சராசரியா சரியாப் போயிரும்" என்று தோன்றும். போகாது. வாங்குபவர்களுக்கும் கணக்குத் தெரியும். கனமான, சுலபமான வேலையை வேறு இடத்தில் மலிவாக முடித்துக்கொள்வார்கள். எடை குறைந்த, சிக்கலான வேலையெல்லாம் கிலோ ரேட்காரரைத் தேடி வரும். எடைக்கும் உழைப்புக்கும் சம்பந்தம் இல்லாத தொழிலில் எடையை வைத்து விலை சொன்னால், நஷ்டம் தரும் வேலைதான் வரிசையில் வந்து நிற்கும்.

பணம் எப்போது வருகிறது என்பதும் விலையின் பகுதிதான். ஷீட்டுக்குப் பட்டறைக்காரர் முன்பணம் கட்டுகிறார், நாம் மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால் அந்த வட்டி அவர் தலையில். எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி, பதிவு செய்த சிறு, குறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை போகக் கூடாது. தாண்டினால் கூட்டுவட்டியோடு கொடுக்க வேண்டும். சட்டத்தைக் காட்டி அடுத்த ஆர்டரை இழக்க யாரும் விரும்புவதில்லை என்பது வேறு கதை.

விலை கேட்கும்போது எழுத வேண்டியவை

நான் இப்போது பட்டறைக்கு அனுப்பும் காகிதத்தில் இவை இருக்கும்:

1. பொருள் என்ன ரகம், தடிமன் மி.மீ.-இல்.
2. கொடுத்திருப்பது வெளி அளவா, உள் அளவா.
3. இப்போது எத்தனை, வருஷத்துக்கு உத்தேசமாக எத்தனை. மறுமுறை வந்தால் புரோகிராம் செலவு திரும்ப வராது, அதைப் பேசிக்கொள்ளலாம்.
4. எந்த அளவு கண்டிப்பாக வேண்டும், எது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஐஎஸ்ஓ 2768 நடுத்தர வகுப்பில் 120-இலிருந்து 400 மி.மீ. வரை ±0.5 அனுமதி. பெரும்பாலான பெட்டிக்கு இது போதும். எல்லா அளவுக்கும் ±0.1 என்று போட்டால் ஒவ்வொரு துண்டையும் அளந்து பார்க்கும் நேரத்துக்கு நாம்தான் காசு கொடுக்கணும்.
5. எந்த முகம் வெளியே தெரியும். டை தடம் எங்கே படலாம், எங்கே படக்கூடாது.
6. பவுடர் கோட்டிங் உண்டா. ஒரு பக்கத்துக்கு 60–80 மைக்ரான் ஏறும், ஒன்றுக்குள் ஒன்று போகும் இடத்தில் அதற்கு இடம் விடணும்.
7. ஒன்றுக்கு, பத்துக்கு, ஐம்பதுக்கு எனத் தனித்தனி விலை. செட்டப் செலவைத் தனியாகக் காட்டச் சொல்லி ஒரு வரி.
8. கடைசியாக, "இதை மலிவாகச் செய்ய வரைபடத்தில் என்ன மாற்றலாம்?" என்ற கேள்வி.

ஏழாவது வரியால் பேச்சே மாறிவிடுகிறது. செட்டப் செலவு தனியாகத் தெரிந்தால், ஒற்றைப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு என்று சந்தேகம் வராது. பட்டறைக்காரரும் அந்தச் செலவை வளைவு ரேட்டுக்குள் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. ஒரே தடிமனில், ஒரே டையில் வரும் இரண்டு மூன்று பொருளைச் சேர்த்துக் கொடுத்தால் செட்டப் பங்கிட்டுப் போகும் என்பதும் அப்போதுதான் இரண்டு பேருக்கும் தோன்றும்.

எட்டாவது கேள்வியைக் கொட்டேஷன் வந்தபிறகு கேட்டுப் பிரயோஜனம் குறைவு. அளவுகளை முடிவு செய்வதற்கு முன்னாலேயே கேளுங்கள், முடிந்தால் நேரில் போய், முதலாளியோடு மெஷின் ஓட்டுபவரிடமும். ஷீட்டில் எது உட்காரும், எந்தப் பஞ்ச் இருக்கிறது, எந்த மடிப்பு இடிக்கும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் அறிவு. எந்தக் கொட்டேஷனிலும் அதற்குத் தனி வரி போட்டு யாரும் காசு வாங்குவதில்லை.